டிரான்ஸ்ஃபருக்குப் போகும் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

"அக்கா, டிரான்ஸ்ஃபர் முடிஞ்சதும் எத்தனை நாள் படுத்தே இருக்கணும்?"

லேபில் உருவான கருவைக் கர்ப்பப்பைக்குள் வைப்பதைத்தான் டிரான்ஸ்ஃபர் என்கிறோம். கருத்தரிப்பு மையத்தில் நர்ஸாக இருக்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு நாள்கூட வேண்டாம் தங்கச்சி. டேபிளில் இருந்து இறங்கி நேராகப் பாத்ரூம் போகலாம், ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகலாம், மறுநாள் ஆபீஸுக்கும் போகலாம்.

நீ பார்த்துச் செய்ய வேண்டிய காரியங்களில் முக்கால்வாசி டிரான்ஸ்ஃபருக்கு முன்னாடியே முடிந்துவிடுகின்றன. டாக்டரிடம் என்ன கேட்டாய், எந்த டெஸ்ட் எடுத்தாய், மருந்தை நேரத்துக்குப் போட்டாயா என்பதெல்லாம் அந்தக் கணக்கு. நம் வீடுகளிலோ முன்னாடி யாரும் எதையும் கேட்பதில்லை. முடிந்த பிறகு, "நடக்காதே, குனியாதே, இருமாதே" என்று ஆளாளுக்குச் சட்டம் போடுகிறார்கள். அதனால் வரிசையாகச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு உன் டாக்டரிடம் பேசு. உன் உடம்பை நேரில் பார்க்கிறவர் அவர்தான், அவர் சொல்வதே கடைசி வார்த்தை.

1. சக்சஸ் ரேட் என்றால் எது என்று கேள்

போர்டில் பெரிய எழுத்தில் ஒரு சதவீதம் எழுதியிருக்கும். "இது எதனுடைய சதவீதம்?" என்று கேட்டுவிடு. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதா, ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்ததா, குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதா? மூன்றும் மூன்று எண்கள். முதல் எண் எப்போதும் பெரிதாக இருக்கும், உனக்கு வேண்டியது மூன்றாவது.

அடுத்து, "என் வயசுக்காரங்களுக்கு எவ்வளவு?" என்று கேள். எல்லா வயதையும் சேர்த்துச் சொல்லும் எண்ணால் உனக்குப் பயன் இல்லை. பிரிட்டனில் இதற்கென்றே அரசு அமைப்பு இருந்து, ஒவ்வொரு மையத்தின் கணக்கையும் வாங்கி வெளியிடுகிறது. அந்தக் கணக்குப்படி, சொந்த முட்டையில் உருவான ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழே சுமார் மூன்றில் ஒன்று. 43, 44 வயதில் அது இருபதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. வயது கூடக் கூட முட்டையில் குரோமோசோம் பிழைகள் கூடுவதுதான் முக்கியக் காரணம். 40 வயதில் உருவாகும் கருக்களில் பாதிக்கு மேல் அந்தக் கோளாறு இருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், முதல் தடவை கிடைக்காவிட்டாலும் உடைந்து போக மாட்டாய்.

2. தேதி குறிப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை

* தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றும் கட்டுக்குள் வரட்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள் என்றால் சமீபத்திய டிஎஸ்ஹெச் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திரு.
* ஃபோலிக் ஆசிட் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் இப்போதே தொடங்கு.
* ருபெல்லா தடுப்பூசி போடவில்லை என்றால் முதலில் அதை முடி. போட்டபின் ஒரு மாதமாவது கழித்துத்தான் கரு வைக்கலாம்.
* கர்ப்பப்பைக்குள் பாலிப்போ, உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் கட்டியோ உண்டா என்று பார்த்தார்களா? இருந்தால் அதை எடுத்த பிறகு டிரான்ஸ்ஃபர்.
* கருக்குழாயில் நீர் கோத்திருந்தால் சும்மா விடாதே. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்து கரு ஒட்டுவதைக் கெடுக்கும், வெற்றி வாய்ப்பே பாதியாகிவிடும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. குழாயை அடைப்பதா, எடுப்பதா என்று முன்னாடியே முடிவு செய்துகொள்ளுங்கள்.
* வீட்டுக்காரர் சிகரெட்டையும் பான்பராக்கையும் முட்டை எடுப்பதற்கு மூன்று மாதம் முன்பே விடட்டும். விந்து உருவாகி வெளியே வர ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகும், போன வாரம் விட்டதில் பலன் தெரியாது.

3. "மாக் டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டீங்களா?" என்று கேள்

ஒத்திகை என்று வைத்துக்கொள். கரு இல்லாமல் வெறும் குழாயை மட்டும் கர்ப்பப்பை வாய் வழியாக விட்டுப் பார்ப்பார்கள். வாய் நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா, உள்ளே எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எந்தக் குழாய் சரிப்படும் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

சிலருக்கு வாய் இறுகலாக இருக்கும், குழாய் நுழையத் திணறும். உண்மையான டிரான்ஸ்ஃபர் நாளில் அப்படித் திணறினால் கர்ப்பப்பை சுருங்கும், ரத்தம் கசியும், வாய்ப்பு குறையும். ஏற்கெனவே சிசேரியன், டிஎன்சி, வாயில் ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தால் கேட்காமலே சொல்லிவிடு. கர்ப்பப்பையின் கோணம் மாறியிருக்கலாம்.

4. மூன்றாம் நாள் கருவா, ஐந்தாம் நாள் கருவா?

முட்டையும் விந்தும் சேர்ந்த மூன்றாம் நாளில் கருவில் ஆறு முதல் எட்டு செல்கள் இருக்கும். ஐந்தாம் நாள் அது நூறு செல்களுக்குப் பக்கத்தில் வளர்ந்து, நடுவில் நீர் கோத்த பந்தாக நிற்கும். அதற்குப் பெயர் பிளாஸ்டோசிஸ்ட்.

ஐந்தாம் நாள்வரை தாக்குப்பிடித்த கரு என்றால் வலுவானது, ஒட்டும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் கருத்தரித்த முட்டைகளில் பாதி அளவுதான் அதுவரை போய்ச் சேரும். பத்துப் பன்னிரண்டு கரு இருக்கிறவளுக்கு ஐந்தாம் நாள்வரை காத்திருப்பது நல்லது. ஒன்றோ இரண்டோ மட்டும் இருப்பவளுக்கு மூன்றாம் நாளே வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது.

ரிப்போர்ட்டில் "4 ஏஏ", "3 பிபி" என்று எழுதித் தருவார்கள். எண் என்பது கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது. முதல் எழுத்து குழந்தையாக வளரப்போகும் செல்களின் தரம், இரண்டாவது எழுத்து நஞ்சுக்கொடியாகப் போகும் செல்களின் தரம். பக்கத்துப் பெட்காரிக்கு ஏஏ, எனக்குப் பிபி என்று கண் கலங்காதே. பிபி கருவில் பிறந்த பிள்ளைகள் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஏஏ கருவும் சில நேரம் ஒட்டாமல் போகும். கிரேடு என்பது கண்ணால் பார்த்துப் போடும் மார்க், குரோமோசோம் அதில் தெரியாது.

5. ஃப்ரெஷ்ஷா, ஃப்ரோசனா?

"ஐஸ்ல வெச்ச கருவா?" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையே உறைய வைத்த கருவில் வந்தவள்தான். 1978 அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் பிறந்த அந்தக் குழந்தைக்குத் துர்கா என்று பெயர் வைத்தார்கள். உலகின் முதல் குழந்தையான லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. சுபாஷ் கருவை உறைய வைத்து, அடுத்து வந்த ஒரு சுழற்சியில் எடுத்து வைத்தார். அவர் சொன்னதை அன்றைய அரசுக் குழு நம்பவில்லை. மனம் உடைந்து 1981-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்று கருவை உறைய வைத்து அடுத்த சுழற்சியில் வைப்பது உலகம் முழுக்க நடக்கிறது.

இப்போது வைட்ரிஃபிகேஷன் என்ற அதிவேக உறைய வைக்கும் முறை இருக்கிறது. நல்ல லேபில் நூறு கருவை உருக்கினால் தொண்ணூறுக்கு மேல் பழுதில்லாமல் வந்துவிடும்.

யாருக்கு எது நல்லது? பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு முட்டை நிறைய வரும், ஊசிக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்தும் உண்டு. அவர்களுக்கு எல்லாக் கருவையும் உறைய வைத்துவிட்டு, உடம்பு அமைதியான பிறகு வைப்பது மேல். 2016-ல் சீனாவில் பிசிஓஎஸ் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் ஃப்ரோசனில் குழந்தை பிறந்தது 49.3 சதவீதம், ஃப்ரெஷ்ஷில் 42 சதவீதம். பிசிஓஎஸ் இல்லாத பெண்களை 2018-ல் வியட்நாமில் பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே, "எல்லாருக்கும் ஃப்ரோசன்தான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், "எனக்கு ஏன்?" என்று காரணம் கேள்.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவள் என்றால் இன்னொன்றும் கேட்கலாம்: "மாத்திரை சுழற்சிக்குப் பதிலா இயற்கைச் சுழற்சியில் வைக்க முடியுமா?" மாத்திரையால் மட்டும் தயார் செய்யும் சுழற்சியில் கர்ப்பத்தின் பின்பகுதியில் பிரஷர் ஏறும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்திருக்கிறது. முட்டை வெடித்த பிறகு சினைப்பையில் இயற்கையாக உருவாகிப் பல ஹார்மோன்களைச் சுரக்கும் திசு அதில் உருவாவதில்லை என்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

6. ஒன்று போதுமா, இரண்டு வைக்கலாமா?

"ரெண்டு வெச்சுடுங்க டாக்டர், ஒரே செலவுல ரெட்டைப் புள்ள" என்று கேட்காத குடும்பம் இல்லை. செலவு லட்சங்களில் ஆகும்போது அந்த ஆசை புரிகிறது. ஆனால் இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்குப் பிரஷர், சர்க்கரை எல்லாம் கூடும். குறைமாதக் குழந்தைகள் இரண்டை என்ஐசியு-வில் வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்ற தாயிடம் கேள், மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று சொல்லுவாள்.

பெல்ஜியம் நாட்டில் 2003-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆறு சுற்றுவரை லேப் செலவை அரசுக் காப்பீடு ஏற்கும், ஆனால் 36 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு முதல் சுற்றில் ஒரே கருதான். அங்கே இரட்டைப் பிரசவம் சரசரவென்று குறைந்தது. உனக்கு 35-க்குள் வயது, கையில் நல்ல பிளாஸ்டோசிஸ்ட் என்றால் ஒன்று வைத்து மற்றதை உறைய வைப்பதே புத்திசாலித்தனம். வயது கூடுதல், முன்பு சில தடவை தோல்வி என்றால் இரண்டு என்று டாக்டர் சொல்லலாம். எத்தனை என்பதை ஒப்புதல் படிவத்தில் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

7. மருந்தில் நேரம்தான் முக்கியம்

மாத்திரைச் சுழற்சியில் முதலில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. ஸ்கேனில் உள்சுவர் 7 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்து மூன்று கோடாகத் தெரிந்தால் அடுத்தது ப்ரோஜெஸ்டிரோன். அது தொடங்கிய மணிநேரத்தில் இருந்துதான் கர்ப்பப்பையின் கடிகாரம் ஓடுகிறது. பிளாஸ்டோசிஸ்ட் என்றால் ஐந்து நாள் மருந்து ஏறிய பிறகு வைப்பார்கள். ஒரு வேளையை மறந்துவிட்டு, "அப்புறம் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று நீயே முடிவு செய்யாதே. உடனே மையத்துக்குப் போன் போடு.

* போனில் அலாரம் வை. வீட்டுக்காரர் போனிலும் வை.
* எண்ணெய் ஊசி என்றால் ஆம்பூலை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் உருட்டிச் சூடாக்கு, மருந்து இளகி வலி குறையும். இடுப்பில் இன்று வலப்பக்கம் போட்டால் நாளை இடப்பக்கம். போட்டபின் வெந்நீர் ஒத்தடம்.
* உள்ளே வைக்கும் மாத்திரை என்றால் கையைக் கழுவிவிட்டு ஆழமாக வை, பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திரு. பிறகு வெள்ளையாக வடிவது மாத்திரையின் மேல்பூச்சு. மருந்து வீணானதாக நினைக்காதே. பேட் வைத்துக்கொள்.
* ரிசல்ட் பாசிட்டிவ் என்றதும் மருந்தை நிறுத்திவிடாதே. நஞ்சுக்கொடி தானே ஹார்மோன் சுரக்கும்வரை, அதாவது எட்டு முதல் பன்னிரண்டு வாரம்வரை தேவைப்படலாம். எப்போது நிறுத்துவது என்பது டாக்டர் முடிவு.

8. டிரான்ஸ்ஃபர் நாளில்

வழக்கமாகச் சாப்பிடு. பெரும்பாலும் மயக்க மருந்து கிடையாது, பட்டினி கிடக்க வேண்டாம் (மயக்கம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தால் மட்டும் அவர்கள் சொன்ன நேரத்தில் நிறுத்து). சென்ட், பாடி ஸ்ப்ரே, வாசனைப் பவுடர் வேண்டாம். பக்கத்து அறையில் திறந்த கிண்ணத்தில் கருக்கள் இருக்கின்றன, காற்றில் கலக்கும் ரசாயனம் அவற்றுக்கு ஆகாது. தலையில் மல்லிகைப்பூவும் அன்றைக்கு வேண்டாம், மறுநாள் வைத்துக்கொள்.

ஒரு மணி நேரம் முன்பு இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு சிறுநீரை அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். நிறைந்த மூத்திரப்பை முன்பக்கம் கவிழ்ந்திருக்கும் கர்ப்பப்பையை நிமிர்த்தும், வயிற்று ஸ்கேனில் படமும் தெளிவாக விழும். அதற்காக ஒரு லிட்டர் குடித்துவிட்டு டேபிளில் நெளியாதே. முட்டினால் சொல், கொஞ்சம் போய்விட்டு வரச் சொல்வோம்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் போய்விடும். விளக்கை மங்கலாக வைத்திருப்போம். சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதற்கு அந்தப் பக்கம் லேப். எம்ப்ரியாலஜிஸ்ட் ஜன்னலைத் திறந்து உன் பெயர், வீட்டுக்காரர் பெயர், பிறந்த தேதி கேட்பார். நாங்கள் சொல்லிவிடுவோம் என்று விடாமல் நீயே வாய்விட்டுச் சொல். கிண்ணத்தில் எழுதியிருக்கும் பெயரோடு ஒத்துப் பார்ப்பதற்குத்தான் அந்தக் கேள்வி.

அப்புறம் பாப் ஸ்மியர் எடுப்பதுபோலக் கருவி வைத்து, கர்ப்பப்பை வாயில் இருக்கும் சளியைத் துடைத்து எடுப்பார்கள். நான் உன் அடிவயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் புரோபைப் பிடித்துக்கொள்வேன். மெல்லிய, வளையும் குழாய் உள்ளே போவது திரையில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். கர்ப்பப்பையின் மேல்கூரையைத் தொடாமல், அதில் இருந்து ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகமாகக் கீழே தள்ளி டாக்டர் நிறுத்துவார். கூரையைத் தொட்டால் கர்ப்பப்பை சுருங்கும். சிரிஞ்சை அழுத்தியதும் திரையில் ஒரு வெள்ளைப் பொட்டு பளிச்சென்று மின்னும். எல்லாரும், "அதான் பாப்பாவா?" என்று கேட்பார்கள். அது கருவோடு போன துளி நீரும் காற்றுக் குமிழும். கருவின் அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு, ஸ்கேனில் தெரியாது.

அதோடு முடியவில்லை. குழாயை எம்ப்ரியாலஜிஸ்ட் வாங்கிக்கொண்டு போய் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். கரு குழாயிலேயே ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறதா என்ற சோதனை அது. உள்ளே இருந்து, "க்ளியர்" என்று குரல் வரும்வரை அறையில் யாரும் பேச மாட்டோம். எப்போதாவது கரு திரும்பி வந்துவிட்டால், உடனே மறுபடி வைப்பார்கள். அதனால் வாய்ப்பு குறைவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன, பதறாதே.

ஸ்கேன் பார்த்துக்கொண்டே வைப்பது, வளையும் குழாய், சளியைத் துடைப்பது, கூரையில் இருந்து தள்ளி வைப்பது ஆகிய நான்கும் ஆதாரத்தோடு நிரூபணமானவை. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இவை இருக்கின்றன. "உங்க மையத்தில் ஸ்கேன் பார்த்துத்தான் வைப்பீங்களா?" என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பே இல்லை.

9. வீட்டுக்கு வந்த பிறகு

பாத்ரூம் போனால் கரு விழுந்துவிடுமா? விழாது. சிறுநீர் வரும் வழி வேறு, கர்ப்பப்பை வேறு. இருமினால், தும்மினால், படி ஏறினால்? அதற்கும் விழாது. கர்ப்பப்பை காலியான பை மாதிரி திறந்து கிடப்பதில்லை, முன்சுவரும் பின்சுவரும் ஒட்டியே இருக்கும். ஈரமான இரண்டு வாழை இலைகளை ஒன்றோடொன்று ஒட்டி நடுவில் ஒரு கசகசாவை வைத்தால் எப்படி உதறினாலும் நகராது, அதுபோலத்தான் இதுவும்.

படுக்கையில் கிடந்தால் வாய்ப்பு கூடும் என்று எந்த நல்ல ஆய்வும் சொல்லவில்லை. அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், மலச்சிக்கல் வரும், மனசு கண்டதையும் யோசிக்கும். அதனால்:

* சமையல், ஆபீஸ், நடை எல்லாம் வழக்கம்போல. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்குவது, ஜிம் இவற்றை மட்டும் ரிசல்ட்வரை தள்ளிவை.
* ஊருக்குப் பஸ்ஸில், ரயிலில் திரும்பலாம். நீண்ட பயணம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நட.
* நன்றாகப் பழுத்த பப்பாளியைச் சாப்பிட்டதால் டிரான்ஸ்ஃபர் தோற்றது என்பதற்கு ஆதாரம் இல்லை. காயும் செங்காயும் வேண்டாம். மாமியாருக்குப் பயம் என்றால் பழத்தையும் விட்டுவிடு, நஷ்டமில்லை. அன்னாசித் தண்டு சாப்பிட்டால் ஒட்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.
* ப்ரோஜெஸ்டிரோன் மலச்சிக்கலைத் தரும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, நிறையத் தண்ணீர்.
* காபி ஒன்றிரண்டு டம்ளரோடு நிறுத்து.
* காய்ச்சல், தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும். மற்ற வலி மாத்திரைகளைக் கேட்காமல் போடாதே.
* தாம்பத்தியத்தைப் பற்றி மையத்துக்கு மையம் சொல்வது மாறும். வெட்கப்படாமல் கேட்டுக்கொள்.

10. ரிசல்ட்வரை அந்த இரண்டு வாரம்

மார்பு கனக்கிறது, வயிறு உப்புசம், தூக்கம் தூக்கமாக வருகிறது. இவை கர்ப்பத்திலும் வரும், பீரியட்ஸுக்கு முன்பும் வரும், ப்ரோஜெஸ்டிரோனாலும் வரும். ஆகவே அறிகுறியை வைத்து ஜோசியம் பார்க்காதே. எந்த அறிகுறியும் இல்லாமல் பாசிட்டிவ் ஆனவர்களும் நிறையப் பேர்.

மெடிக்கல் ஷாப் கார்டில் சீக்கிரமே பார்த்துவிட ஆசை வரும். ஃப்ரெஷ் சுழற்சியில் முட்டை வெடிக்கப் போட்ட ஹெச்சிஜி ஊசி உடம்பில் மிச்சம் இருந்தால் பொய்யாக இரண்டு கோடு காட்டும். மிகச் சீக்கிரம் பார்த்தால் உண்மையான கர்ப்பத்துக்கே ஒரு கோடுதான் காட்டும். டாக்டர் சொன்ன தேதியில் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனை எடு. பெரும்பாலும் வைத்த ஒன்பதாம் நாளில் இருந்து பதினான்காம் நாளுக்குள் சொல்வார்கள்.

லேசாக ரத்தக்கறை பட்டால், "எல்லாம் போச்சு" என்று மருந்தை நிறுத்திவிடாதே. கரு ஒட்டும்போதும் படலாம், மாத்திரை வைத்த உரசலிலும் படலாம். மருந்தைத் தொடர்ந்துகொண்டே மையத்துக்குச் சொல்.

பாசிட்டிவ் என்றால் இரண்டு நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள். நல்ல கர்ப்பத்தில் எண் 48 மணி நேரத்தில் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆறு, ஏழு வாரத்தில் ஸ்கேன். அதைத் தவறவிடாதே. கர்ப்பப்பைக்குள்ளே வைத்த கருவும் அரிதாகக் குழாய்க்குள் போய் ஒட்டுவதுண்டு. லூயிஸ் பிரவுனுக்கு முன்பு, 1976-ல், அவள் பிறக்கக் காரணமான அதே இங்கிலாந்துக் குழு அறிவித்த முதல் கர்ப்பம் அப்படிக் குழாயில் தங்கியதுதான்.

இவை இருந்தால் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு: ஒரு பக்கமாகக் கடுமையான வயிற்றுவலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம், பேட் நனையும் ரத்தப்போக்கு, மூச்சுத் திணறல், வயிறு வேகமாக வீங்குதல், சிறுநீர் குறைதல்.

11. பில்லில் கூடுதலாக ஏறும் அயிட்டங்கள்

"இதையும் சேர்த்துச் செஞ்சா சான்ஸ் கூடும்" என்று ஒரு பட்டியல் வரும். எல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், எல்லாம் தேவை என்றும் சொல்ல மாட்டேன்.

* எம்ப்ரியோ க்ளூ: ஹயலுரோனன் கலந்த திரவம். ஓரளவு பலன் உண்டு என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன.
* உள்சுவரைக் கீறிவிடுவது: 2019-ல் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில் பலன் இல்லை.
* எந்த மணிநேரத்தில் வைப்பது என்று உள்சுவரைச் சதைப் பரிசோதனை செய்து சொல்லும் டெஸ்ட்: 2022-ல் வந்த ஆய்வில், அதன்படி நேரம் மாற்றியவர்களுக்குக் குழந்தை கூடுதலாகப் பிறக்கவில்லை.
* லேசர் ஹேட்சிங் (கருவின் மேலுறையை லேசரால் மெலிதாக்குவது): குழந்தை பிறப்பு கூடுகிறது என்று உறுதியாக நிரூபணமாகவில்லை.
* கருவின் குரோமோசோம் பரிசோதனை: வயது கூடுதல், அடிக்கடி கருச்சிதைவு, குடும்பத்தில் மரபுக் கோளாறு என்றால் பேசிப் பார்க்கலாம். இளவயதில் நல்ல கருக்கள் நிறைய உள்ளவருக்கு மொத்த வாய்ப்பைக் கூட்டுவதில்லை.
* பிஆர்பி (சொந்த ரத்தத்தில் இருந்து பிரித்த தட்டணுக்களைச் செலுத்துவது), இன்ட்ராலிப்பிட் (கொழுப்புக் கரைசல்) டிரிப்: எல்லாருக்கும் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: எனக்கு எதற்கு? இதனால் குழந்தை பிறப்பது கூடும் என்று ஆய்வு இருக்கிறதா? தனியாக எவ்வளவு? பேக்கேஜில் மருந்து, உறைய வைக்கும் கட்டணம், வருடாந்திரப் பராமரிப்பு, அடுத்த டிரான்ஸ்ஃபர் கட்டணம் எதெல்லாம் அடங்கும் என்பதை எழுதி வாங்கு.

12. சட்டம் உன் பக்கம் இருக்கிறது

செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்று வயது வரம்பு உண்டு. எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் எதுவும் செய்யக் கூடாது. கருவைப் பத்து வருடம்வரை சேமிக்கலாம். ஆணா பெண்ணா என்று பார்த்து வைப்பது குற்றம். யாராவது ஜாடையாகப் பேசினால்கூட அந்த இடத்தை விட்டு வெளியே வா.

ஒவ்வொரு ரிப்போர்ட்டின் நகலையும் ஒரு ஃபைலில் வை: எத்தனை முட்டை, எத்தனை கரு, கிரேடு, உள்சுவரின் தடிமன், டிரான்ஸ்ஃபர் சுலபமாக இருந்ததா, குழாயில் ரத்தம் இருந்ததா. வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் அந்த ஃபைல்தான் பேசும். பணம் இடிக்கிறது என்றால் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் கருத்தரிப்பு மையத்தில் விசாரித்துப் பார்.

13. நெகட்டிவ் என்று வந்தால்

முதலில் அழு. அடக்கி வைக்காதே. இரண்டு நாள் கழித்து டாக்டரிடம் போய், "அடுத்த தடவை எதை மாத்தலாம்?" என்று கேள். கருவா, உள்சுவரா, டிரான்ஸ்ஃபர் சிரமமா, மருந்து உடம்பில் சரியாக ஏறியதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். உறைய வைத்த கரு மிச்சம் இருந்தால் மறுபடி ஊசி, முட்டை எடுப்பது எதுவும் இல்லாமல் அடுத்த முயற்சி செய்யலாம்.

குரோமோசோம் எல்லாம் சரி என்று பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த கருவிலேயே சுமார் மூன்றில் ஒன்று குழந்தையாவதில்லை. அத்தனை வசதி உள்ள மையங்களின் நிலையே அதுதான் எனும்போது, நீ துணி துவைத்ததும் பஸ் ஏறியதும் எப்படிக் காரணமாகும்?

இதைப் படிக்கும் மாமியார்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அவள் நடந்ததால் கரு விழவில்லை, அவள் சிரித்ததால் விழவில்லை, அவள் வேலைக்குப் போனதால் விழவில்லை. "நீ ஒழுங்கா படுத்திருந்தா தங்கியிருக்கும்" என்ற சொல்லை உங்கள் வீட்டில் யாரும் சொல்லாதீர்கள். மருந்து வேளைக்கு ஞாபகப்படுத்துங்கள், டெஸ்ட் நாளில் கூடப் போங்கள், ரிசல்ட் எதுவானாலும் அன்றைக்குச் சாப்பாட்டை அவளுக்கு எடுத்து வையுங்கள்.